மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது

1

இந்த மாதத்தோடு நான் சிங்கப்பூர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இதை ஊரில் சொன்னால் நாலு பேராவது வாயைப் பிளப்பார்கள். இங்கே என் கணவர் செந்திலிடம் சொன்னேன். "அப்படியா? அப்போ இன்ஷூரன்ஸை ரினியூ பண்ணணுமே" என்றார். அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. இந்த ஊரில் எந்தத் தேதியைச் சொன்னாலும் கூடவே ஒரு படிவம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நான் ஒரு உயர்நிலைப் பள்ளியின் நூலகத்தில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். பள்ளியின் ஊழியர் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிகளுக்கு நூலக ஆட்களை அனுப்புகிற ஒரு கம்பெனியின் ஊழியர். கோவில்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்கு இதை மூன்று தடவை விளக்கமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ உன்னை இன்னும் ஸ்கூல்ல சேக்கலையாட்டி?" என்றாள்.

ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கணினியில் புத்தகம் தேடுவது எப்படி, முன்பதிவு செய்வது எப்படி, தவணையை நீட்டிப்பது எப்படி என்றெல்லாம் நான் எதிரே நின்று சொல்லிக்கொடுப்பேன். நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். முன்வரிசையில் ஐந்து பேர் கேட்பார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே வேறு எதையோ யோசிப்பார்கள். நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே பேசுவேன். நாலு வருஷமும் இரு தரப்புக்கும் எந்தச் சங்கடமும் இல்லாமல்தான் போனது.

இந்த வருஷம் நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியை மிஸ் கோ ஒரு யோசனையோடு வந்தார். "முத்து, இதையெல்லாம் வீடியோவா எடுத்துடு. ஸ்க்ரீன்ல நீ செய்றது அப்படியே ரெக்கார்ட் ஆகும். நீ பேசிக்கிட்டே செய். ஒரே ஒரு கண்டிஷன்தான், எந்த வீடியோவும் மூணு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. பிள்ளைங்களுக்குப் பொறுமை இல்லை லா" என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் அந்த லா மட்டும் இந்த ஊரில் எந்த மொழிக்கும் பொதுவானது.

முகம் தெரியாது என்றதும் எனக்குப் பெரிய நிம்மதி. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணும். அதற்குப் பிறகு திரையில் அம்புக்குறி எங்கெங்கே போகிறதோ அது பதிவாகும். வாயில் என்ன வருகிறதோ அதுவும் பதிவாகும். ஆள் வரமாட்டாள். முகம் வராவிட்டால் நாமே வரமாட்டோம் என்று நான் நம்பிவிட்டேன்.

2

முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு மிஸ் கோ கேட்ட முதல் கேள்வி, "முத்து, யார் அந்த மா?"

எனக்குப் புரியவில்லை. அவர் ஓட்டிக் காட்டினார். சுத்தமான ஆங்கிலத்தில்தான் பேசியிருந்தேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு மா தொங்கியது. இங்கே கிளிக் பண்ணும்மா. அங்கே இல்லம்மா. இப்போ புத்தகத்தின் பெயரை டைப் பண்ணும்மா. எங்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையிடம் மா போடாமல் பேசினால் அதட்டுகிறோம் என்று அர்த்தம். பொறுமையாகச் சொல்லிக்கொடு என்று கேட்டார்கள், சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இதை மிஸ் கோவுக்கு விளக்க முயன்றேன். அம்மாவுக்கும் மா, பிள்ளைக்கும் மா, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்ணுக்கும் மா என்றேன். "ஓ, எல்லாருக்கும் ஒரே வார்த்தை. சிக்கனம்" என்றார். அடுத்த வீடியோவிலிருந்து மா வேண்டாம் என்று முடிவாயிற்று. லா போகலாம், மா போகக் கூடாது. யாருடைய ஊர் என்பது தெரிய வேண்டுமல்லவா.

ஆனால் முதல் வீடியோ ஏற்கனவே பிள்ளைகளுக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து மூன்றாம் வருஷத்துப் பையன்கள் நூலக வாசலில் நின்று, "குட் மார்னிங், மா" என்று ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்தே இருந்தது. பிடிக்காத ஒரே ஆள் என் மகள்.

3

மகள் பெயர் சஞ்சனா. வயது பதினாலு. அதே பள்ளியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்து அவளுக்கு இந்தப் பள்ளி கிடைத்தபோது நான் சந்தோஷத்தில் கேசரி கிண்டினேன். அவள் அதைத் தொடவில்லை. சேர்வதற்கு முந்தின நாள் என்னை உட்கார வைத்து ஒரு ஒப்பந்தம் பேசினாள். "அம்மா, ஸ்கூல்ல என்னைக் கூப்பிடாதீங்க. என்கிட்ட பேசாதீங்க. ஜஸ்ட், தெரியாத மாதிரி இருங்க. கேன்?" என்றாள். முடியுமா என்பதற்கும் முடியும் என்பதற்கும் இந்த ஊரில் அது ஒன்றுதான். நானும் கேன் என்றேன். வேறென்ன சொல்ல?

பெயர்கள் எங்களுக்குப் பெரிய ஒத்தாசையாக இருந்தன. இந்த ஊர்ப் படிவங்கள் எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நான் என் அப்பா பெயரைப் போட்டேன்; செந்தில் அவர் அப்பா பெயரைப் போட்டார்; சஞ்சனா அவள் அப்பா பெயரைப் போட்டாள். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். நாங்கள் தாயும் மகளும் என்று அலுவலகக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. ஆசிரியர்களுக்கோ பிள்ளைகளுக்கோ தெரியாது.

செவ்வாயும் வியாழனும் ரீசஸ் இடைவேளையில் இரண்டு தோழிகளோடு நூலகத்துக்கு வருவாள். புத்தகத்தை எடுத்துக்கொள்வாள், தானியங்கி இயந்திரத்தில் அட்டையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாள் மட்டும் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். "ஹாய், மிஸ்" என்றாள். அவ்வளவு மரியாதையாக அவள் வீட்டில் என்னிடம் பேசியதே இல்லை.

வீட்டில் அறைக் கதவு சாத்தியிருக்கும். சாப்பிட்டியா என்று தமிழில் கேட்பேன், ஆங்கிலத்தில் பதில் வரும். தமிழ் வந்தால் அதில் நீங்க வரும். நான் என் அம்மாவைக் கடைசிவரை நீ என்றுதான் சொன்னேன். இவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்றவள், இலக்கணம் தப்பாமல் என்னைத் தள்ளி நிறுத்துவாள்.

4

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அட்டையிலும் ஒரு காகிதப் பை ஒட்டியிருக்கும். அதற்குள் ஒரு அட்டை. அதில் யார் யார் எடுத்தார்கள் என்று வரிசையாகப் பெயர்கள். அந்த அட்டைகளைப் படித்தே நான் ஊரைத் தெரிந்துகொண்டேன். யார் பேங்க் பரீட்சைக்குத் தயார் செய்கிறார்கள், யார் யாருக்காகக் கவிதை தேடுகிறார்கள் என்றெல்லாம் அத்துப்படி. நான் எடுக்கிற துப்பறியும் கதைகளில் எல்லாம் எனக்கு முந்தின வரியில் வே. செந்தில்குமார் என்று ஒரு கையெழுத்து இருந்தது. கோழி கிறுக்கின மாதிரி கையெழுத்து. அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

சிங்கப்பூரில் ஒரு பிள்ளை என்ன படிக்கிறது என்பது ரகசியம். தேவையில்லாமல் பார்க்கக் கூடாது. வேலையில் சேரும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஐந்தாவது வீடியோவே அதைப் பற்றித்தான். "உங்கள் வாசிப்புப் பட்டியலை யாரும் பார்க்க மாட்டார்கள். பயப்படாமல் படியுங்கள்" என்று என் குரலில், மா இல்லாமல், மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் பார்த்தேன். தினமும் பார்த்தேன். காலைக் கூட்டம் ஓய்ந்ததும் சஞ்சனாவின் எண்ணை அடித்துப் பட்டியலைத் திறப்பேன்.

முதலில் குதிரைகளைப் பற்றி மூன்று புத்தகம். அந்தப் பிள்ளை குதிரையைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. அப்புறம் திமிங்கலம். அப்புறம் டிராகன்கள் வரும் ஒரு தடித்தடியான தொடர்கதை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று எடுத்திருந்தாள். நாலாவது பாகம் எங்களிடம் இல்லை. ஐயோ, நடுவில் ஒன்று தெரியாமல் படிக்கிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை. நாலாவதை வாங்கச் சொல்லி மூன்று படிவம் எழுதினேன். வந்ததும் அவள் கண்ணில் படுகிற அலமாரியில் நிற்க வைத்தேன். வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு போனாள். யார் வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நான் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தேன்.

ஒரு தடவை பெற்றோர் பிரிந்துபோகிற கதையாகவே வரிசையாக நாலு எடுத்தாள். இரண்டு வாரம் செந்திலைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் ஒன்றும் புரியாமல் இரண்டு வாரமும் தானே பாத்திரம் கழுவினார்.

மகள் என்னிடம் பேசாவிட்டால் என்ன, அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வம் இருந்தது. மறைப்பானேன்.

5

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழாவது வீடியோவை எடுத்தேன். தவணையை நீட்டிப்பது எப்படி. பரீட்சைக் காலம், நூலகத்தில் ஈ காக்கை இல்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்து, நன்றி என்ற நேரத்தில் போன் அடித்தது. அக்கா. பதிவை நிறுத்தாமலே போனை எடுத்துவிட்டேன். மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. நான் கவனிக்கவில்லை.

"என்னட்டி, வேலையா இருக்கியா?"

"இல்லக்கா, சொல்லு."

அவள் மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அவளுக்குப் போன் பண்ணுகிறானாம். என்ன குழம்பு வைத்தாய் என்றுகூடக் கேட்கிறானாம். நல்லாயிருக்கட்டும் என்றேன். மனசார வந்த சந்தோஷம்தான், ஆனால் எங்கேயோ குத்தியது.

"சஞ்சனா எப்படி இருக்கா? பரீட்சை எழுதுதாளா?"

"அவளுக்கென்ன, எழுதுதா. எங்கிட்ட எங்க பேசுதா? ஸ்கூல்ல என்னைப் பாத்தா யாரோ எவரோன்னு போறா. வீட்டுல கதவைச் சாத்திக்கிடுதா. நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்."

"வயசு அப்படிட்டி."

"வயசு ஒண்ணுமில்ல. அன்னைக்கு அவளை உங்கிட்டயே விட்டுட்டு வந்திருக்கலாம்க்கா. உனக்குப் பிள்ளையா வளந்திருப்பா. உங்கிட்டயாவது பேசியிருப்பா. எங்கிட்ட இருந்து என்ன புண்ணியம்?"

"கிறுக்கச்சி மாதிரி பேசாத" என்று அக்கா அதட்டினாள்.

அன்னைக்கு என்றது எதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் இங்கே வந்தபோது சஞ்சனாவுக்கு மூன்று வயது. செந்திலின் வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை, இருந்தது ஒரே ஒரு வாடகை அறை. அதனால் அவளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம். எட்டு மாதம். திரும்பப் போய் அழைத்தபோது என்னிடம் வர மறுத்து அக்காவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அதை நான் யாரிடமும் பேசுவதில்லை. அன்று பேசினேன்.

போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டேன். யோசிக்காமல், பழக்கத்தில் பதிவை நிறுத்தினேன். வழக்கம்போல் பொதுக் கோப்புறையில் ஏற்றினேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

6

வெள்ளிக்கிழமைகளில் லிட்டில் இந்தியா போய் வாரத்துக்கு வேண்டிய காய்கறி வாங்குவேன். தேக்காச் சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. ஏழாவது வீடியோ ஏற்றப்பட்டது, நீளம் பதினோரு நிமிஷம்.

பதினோரு நிமிஷமா? மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாதே என்று முதலில் அதற்குத்தான் பதறினேன். அப்புறம்தான் மீதி எட்டு நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்பது உறைத்தது. முருங்கைக்காயைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றேன்.

அழித்துவிடலாம் என்று பார்த்தால், எனக்கு ஏற்ற மட்டும்தான் அனுமதியாம், அழிக்க அனுமதி இல்லையாம். தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். படிவத்தில் அழிக்க வேண்டிய காரணம் என்று ஒரு கட்டம். என்னத்தை எழுத? "சொந்த விஷயம்" என்று எழுதினேன். மூன்று வேலை நாளில் பதில் வரும் என்று உடனே பதில் வந்தது.

மிஸ் கோவுக்குப் போன் பண்ணினேன். வீட்டுப் பேச்சு கொஞ்சம் பதிவாகிவிட்டது என்றேன்.

"அதுக்கா கவலைப்படுறே? நேரா வெளியில போகாது லா. மீடியா கிளப் பிள்ளைங்க பார்த்து, வேண்டாததை வெட்டி, கீழே எழுத்தெல்லாம் போட்டுத்தான் குடுப்பாங்க."

"தமிழ் தெரிஞ்ச பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?"

"உன் வீடியோ எல்லாம் ஒரே பொண்ணுதான் செய்றா. ரெண்டாவது வீடியோவிலேருந்தே. ரொம்ப அமைதி, ரொம்ப கவனம். சஞ்சனான்னு பேரு. உனக்குத் தெரியாது?"

தெரியாது மிஸ் என்றேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

7

வீட்டுக்குப் போய் செந்திலைப் பிடித்தேன். சஞ்சனா எப்போது மீடியா கிளப்பில் சேர்ந்தாள்?

"அது ஆச்சே நாலஞ்சு மாசம். நான்தானே கையெழுத்துப் போட்டேன். உன்கிட்ட சொல்லலையா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "எடுத்த வீடியோவை ஒரு தடவை நீயே பார்க்க மாட்டியா?" என்றார். இந்த மாதிரி நேரத்தில் சரியாக இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு வரம் வாங்கி வந்திருக்கிறார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் முகத்தையே பார்த்தேன். சாதாரணமாகச் சாப்பிட்டாள். சாதாரணமாகக் கதவைச் சாத்தினாள். கேட்டுவிட்டாளா, இன்னும் கேட்கவில்லையா? நானாகக் கேட்டால், கேட்காத பிள்ளையைக் கேட்க வைத்த மாதிரி ஆகிவிடும். என்னை விட்டுட்டு வந்திருக்கலாம்னு நினைக்கிறீங்களா என்று அவள் ஒரு சண்டை போட்டிருந்தால்கூட நன்றாகத் தூங்கியிருப்பேன்.

திங்கள் காலை போனதும் கோப்புறையைத் திறந்தேன். ஏழாவது வீடியோ தயாராக இருந்தது. இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி. கச்சிதமாக, நன்றி என்பதோடு நின்றது. வெட்டின இடமே தெரியவில்லை. அப்போ கேட்டுவிட்டாள்.

பக்கத்திலேயே அந்தப் பதினோரு நிமிஷமும் இருந்தது. அப்படி என்னதான் பேசித் தொலைத்தேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

பேச்சு ஞாபகம் இருந்த மாதிரியேதான் இருந்தது, கேட்கக் கேட்கக் கூசியது. ஆனால் திரையில் ஓடியதை நான் எதிர்பார்க்கவில்லை. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை தன்பாட்டில் சஞ்சனாவின் எண்ணை அடித்திருக்கிறது. பட்டியல் திறக்கிறது. எங்கிட்ட எங்க பேசுதா என்று நான் சொல்கிறேன். அம்புக்குறி குதிரைப் புத்தகத்தில் நிற்கிறது. உங்கிட்டயே விட்டுட்டு வந்திருக்கலாம் என்கிறேன். அம்புக்குறி டிராகன் கதையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டே இறங்குகிறது. நாலாவது பாகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. எட்டு நிமிஷமும் வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்துகொண்டிருந்தது. ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்ட அதே கை.

அன்று சாயங்காலம் பார்த்தபோது அந்தக் கோப்பு அங்கே இல்லை. எனக்கில்லாத அழிக்கும் அனுமதி மீடியா கிளப் பிள்ளைகளுக்கு இருக்கிறது போல. தொழில்நுட்பப் பிரிவிலிருந்து புதன்கிழமை பதில் வந்தது. நீங்கள் குறிப்பிட்ட கோப்பு எதுவும் இல்லை, உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடிக்கப்பட்டது.

8

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது, "நானும் வரேன். தமிழ் விழா டான்ஸுக்கு வளையல் வேணும்" என்று செய்தி அனுப்பினாள். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் முக்கால் மணி நேரம் வளையல் பார்த்தோம். பச்சை எடுத்தாள். நான் சிவப்பு நல்லாயிருக்கும் என்றேன். "பச்சை ஓகே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

திரும்புகையில் பூகிஸில் மாறி பாசிர் ரிஸ் ரயில் ஏறினோம். பாயா லேபாரில் கூட்டம் இறங்கியது, பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சஞ்சு, அந்த ஏழாவது வீடியோ..."

"ஆல்ரெடி கட் பண்ணிட்டேன்."

"முழுசா கேட்டியா?"

"கேக்காம எப்படி கட் பண்றது?" போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரியம்மாகிட்டயே என்னை விட்டிருக்கலாம்னு சொன்னீங்க."

"கோபத்துல சொன்னேன். சத்தியமா மனசுல இருந்து சொல்லல. அந்த எட்டு மாசமும் நான் இங்க எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. திரும்பி வந்தப்போ நீ என்கிட்ட வர மாட்டேன்னுட்ட. அது இன்னும் எனக்கு..." அழுகை வந்துவிட்டது. எதிரே ஒரு சீனப் பாட்டி என்னைப் பார்த்துவிட்டு நாகரிகமாகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சஞ்சனா போனைப் பையில் வைத்தாள்.

"அம்மா, அந்த எட்டு மாசம் எனக்கு ஞாபகமே இல்ல. உங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

பதினோரு வருஷமாக அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் காத்திருந்திருக்கிறேன். அவளிடம் மன்னிக்க ஒன்றுமே இல்லை. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?

"என் லிஸ்ட்டைப் பாத்தீங்க" என்றாள்.

"ஆமா. தப்புதான்."

"டெய்லியா?"

"லீவு நாள் தவிர."

"நாலாவது டிராகன் புக், நீங்க வாங்க வச்சதா?"

தலையாட்டினேன். வளையல் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். கோபமா என்று தெரியவில்லை. பிடோக் நிறுத்தம் வந்து போனது.

"எல்லா புக்கும் தெரியும். ரெண்டு வருஷமா. அப்புறம் ஏன் ஒரு தடவைகூட எப்படி இருந்துச்சுன்னு கேக்கல?"

"நீதானே பேசாதேன்ன?"

"ஸ்கூல்லதான் பேசாதீங்கன்னு சொன்னேன். வீட்ல சொல்லலையே."

புலம்பெயர்ந்தவர்கள் எழுதுவதையெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள். பிள்ளைகள் விலகிப் போகிறார்கள், மொழி போயிற்று, கதவு சாத்தியே இருக்கிறது. நானும் அதையே ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினேனா என்று கேட்டால், இல்லை. எனக்குத்தான் பட்டியல் இருந்ததே.

"இப்போ கேக்கேன். எப்படி இருந்துச்சு?"

"எந்த புக்?"

"முதல்ல இருந்து சொல்லு."

சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு குதிரையில் ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில்தான், அதுவும் மூச்சு விடாமல். பாசிர் ரிஸ் கடைசி நிறுத்தம், இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கி, பேருந்தை விட்டுவிட்டு, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எனக்குப் பாதி புரியவில்லை. புரியாத இடத்திலெல்லாம் நிறுத்திக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கண்ணை உருட்டினாள், பெருமூச்சு விட்டாள், மறுபடியும் சொன்னாள். வீட்டு வாசலுக்கு வந்தபோது இரண்டாவது புத்தகமே முடியவில்லை.